கல்முனைக் கரையின் தாய் வீடுகள்

பெண்ணுக்குப் பிறந்த வீடு ஒன்று, புகுந்த வீடு ஒன்று என்பது தமிழ் பேசும் மக்களிடையே எங்கும் வழங்கும் பேச்சு. மணமான மகள் கண் கலங்க விடைபெறுவதும், தாய் வாசலில் நின்று வழியைப் பார்த்திருப்பதும் கதைகளிலும் நாடகங்களிலும் பன்முறை கண்ட காட்சிகள். ஆனால் இலங்கையின் கிழக்குக் கரையில், கல்முனையைச் சூழ்ந்த ஊர்களில், இந்தக் காட்சிக்கு இடம் இல்லை. அங்கே மணமான பின் வீடு மாறிச் செல்பவன் மணமகன். மணமகளோ தான் தவழ்ந்து விளையாடிய முற்றத்திலேயே இல்லறத்தைத் தொடங்குகிறாள். அவளுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒன்றே.

கல்முனைக்குடியிலோ சாய்ந்தமருதிலோ மணமான ஆடவர் ஒருவரை, "உங்கள் வீடு எது?" என்று வினவினால், அவர் தம் மனைவியின் வீட்டைச் சுட்டிக் காட்டுவார். "நீங்கள் பிறந்த வீடு எது?" என்றால், தம் உம்மாவின் வளவைக் காட்டுவார். இரண்டும் அவர் பெயரில் எழுதப்பட்டவை அல்ல. முன்னது மனைவிக்கு உரியது. பின்னது தாயிடமிருந்து சகோதரிக்குப் போய்விட்டது. இதைச் சொல்வதில் அவருக்கு நாணம் இல்லை; மனக்குறையும் இல்லை. அவருடைய வாப்பாவும் அவ்வாறே மனைவியின் வீட்டில் வாழ்ந்தவர்தாம்.

ஒரு நகரத்தை உருவாக்கிய முன்னோடிகள் யாவர் என்று கேட்டால், முதலியார்கள், பாராளுமன்ற உறுப்பினர்கள், பள்ளிவாசல் நிருவாகிகள், கல்விக்கூடங்களை நிறுவியோர் ஆகியோருடைய பெயர்களே முதலில் நினைவுக்கு வரும். கல்முனைக்கும் அத்தகைய பெரியோர் வாய்த்தனர். கேட் முதலியார் எம். எஸ். காரியப்பர், அமைச்சர் எம். எச். எம். அஷ்ரஃப் முதலியோரை அவ்வூர் மக்கள் இன்றும் நன்றியோடு நினைவு கூருகின்றனர். ஆயினும் அவ்வூரின் தெருக்களும் ஒழுங்கைகளும் எவ்வாறு அமைந்தன, ஒரு வளவு எவ்வாறு நான்காயிற்று, எந்த உறவு யாருக்கு அயலாயிற்று என்று ஆராய்ந்து செல்வோமாயின், கல்வெட்டுகளில் இடம்பெறாத பல பெண்களிடமே போய்ச் சேர வேண்டியிருக்கும். ஊரை வீடு வீடாக வளர்த்தவர்கள் அவர்களே.

முதலில் அந்த நிலத்தின் இயல்பை நோக்குவோம். மட்டக்களப்பிலிருந்து தெற்கே கடலோரமாகச் செல்லும் நெடுஞ்சாலையில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையடுத்து ஒன்றாக வருகின்றன. ஒரு பக்கத்தில் வங்கக் கடல். மறு பக்கத்தில் நீர்நிலைகளும் நெல்வயல்களும். இடையே உள்ள மணல் நிலம் அகலத்தில் மிகக் குறுகியது. முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் மாறி மாறி அமைந்துள்ளமை இக்கரையின் தனித் தோற்றம். பாண்டிருப்பில் திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பு பெயர் பெற்றது. காரைதீவு கண்ணகி அம்மன் கோயிலுக்கும், சுவாமி விபுலாநந்தரின் பிறப்புக்கும் புகழ் பெற்றது. கல்முனைக்குடியின் கடற்கரைப் பள்ளிவாசலிலோ நாகூர் சாகுல் ஹமீது ஆண்டகையின் நினைவாக ஆண்டுதோறும் கொடியேற்றம் நிகழும். அந்நாட்களில் மணற்பரப்பு எங்கும் பெண்களும் பிள்ளைகளுமாக நிறைந்திருப்பர்.

இந்தப் பகுதி முன்னர் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகமாக இருந்தது. 1961ஆம் ஆண்டில் அம்பாறை மாவட்டம் தனியே வகுக்கப்பட்டது. பின்னர் கல்முனைக்கு மாநகர சபை அமைந்தது. ஆட்சி எல்லைகள் இவ்வாறு காலந்தோறும் மாறின. ஆனால் வீட்டின் உரிமை தாயிடமிருந்து மகளுக்குச் செல்லும் வழக்கம் இவ்வெல்லைகளுக்கெல்லாம் முற்பட்டது.

அவ்வழக்கத்தின் தோற்றத்தைப் பற்றிக் கிழக்குக் கரை மக்களிடையே ஒரு பழைய மரபுக் கதை வழங்கி வருகிறது. முன்னொரு காலத்தில் மட்டக்களப்புப் பகுதியின் மேலாண்மைக்காக முக்குவருக்கும் திமிலருக்கும் பெரும் பூசல் மூண்டதாம். அப்போது அங்கு வந்திருந்த முஸ்லிம் வணிகர்கள் முக்குவரின் பக்கம் நின்று போரிட்டு வெற்றிக்குத் துணை செய்தனர். அதற்குக் கைம்மாறாக அவர்களுக்கு முக்குவக் குலத்துப் பெண்கள் எழுவர் மணமுடித்துக் கொடுக்கப்பட்டனர் என்பது கதை. அந்தப் பெண்கள் தம் நிலத்தையும், தாய்வழியாகக் குடி சொல்லும் வழக்கத்தையும் உடன் கொண்டு வந்தனர் என்பர்.

இது வரலாற்று ஏடுகளால் நிறுவப்பட்ட செய்தி அன்று. செவிவழி வந்த மரபே. எனினும் அம்மரபு சொல்லும் கருத்து நோக்கத் தக்கது. ஓர் ஊரின் தொடக்கத்தை அரசன் ஒருவனிடமோ வீரன் ஒருவனிடமோ அது காணவில்லை. ஏழு பெண்களிடம் காண்கிறது. ஏட்டில் பதிந்த வரலாறும் உண்டு. போர்த்துக்கேயரால் தங்கள் நிலப்பகுதிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்களுக்குக் கண்டி மன்னன் செனரத் அடைக்கலம் அளித்து, 1626ஆம் ஆண்டளவில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியேற்றினான் என்று அது கூறும். வந்து சேர்ந்தோர் உழுது பயிரிட நிலமும், கூடி வாழ அயலும் தேடினர். நிலத்தோடும் அயலோடும் அவர்களைப் பிணைத்த உறவு பெண் வழியாகவே வளர்ந்தது.

இன்றும் அக்கரையில் தமிழரும் முஸ்லிம்களும் 'குடி' என்னும் பிரிவைப் பொதுவாகக் கொண்டுள்ளனர். பிள்ளை தந்தையின் குடியைச் சேர்வதில்லை. தாயின் குடியையே சேரும். ஒரே குடியைச் சேர்ந்த ஆணும் பெண்ணும் மணம் செய்வதும் வழக்கமில்லை. பள்ளிவாசலின் பரிபாலனத்திலும் இந்த முறை இடம் பெற்றது. ஒவ்வொரு குடிக்கும் ஒரு மரைக்காயர் என்று தெரிந்தெடுத்து, அவர்களைக் கொண்டே பள்ளிவாசலின் காரியங்களை நடத்தி வந்தனர். மரைக்காயர் ஆடவரே. ஆனால் அந்த ஆசனம் அவருக்குக் கிடைத்த தகுதியோ உம்மாவின் குடி வழியாக வந்தது. பள்ளிவாசலின் சபையில் பெண் அமரவில்லை. அங்கே அமர்ந்தவர் எந்தக் குடியின் சார்பில் அமர்ந்தார் என்பதைத் தீர்மானித்தது பெண் வழியே.

வீடு கைமாறும் முறையை ஓர் எடுத்துக்காட்டினால் விளக்கலாம். ஒரு வளவில் தாயும் தந்தையும் மூன்று பெண் மக்களோடு வாழ்கிறார்கள் என்று கொள்வோம். மூத்தவளுக்கு மணம் பேசும்போது, குடியிருக்கும் வீட்டையே அவளுக்குச் சீதனமாக எழுதிவிடுவர். மருமகன் அங்கே வந்து சேர்வான். சில காலம் யாவரும் ஒரே கூரையின் கீழ் இருப்பர். பின்னர்த் தாய் தந்தையர் அதே வளவின் ஒரு மூலையில் இன்னொரு வீட்டை எழுப்பி, இளையவர்களோடு அதற்குச் செல்வர். இரண்டாம் மகளின் மணத்தின்போது அந்த வீடு அவளுக்குரியதாகும். மீண்டும் ஓர் அத்திவாரம். மீண்டும் ஒரு கூரை. கடைசி மகளுக்கு எழுதிய வீட்டில், அவளுடைய பராமரிப்பில், முதுமைக் காலம் கழியும்.

இவ்வாறு மூன்று தலைமுறைகள் சென்றால் என்ன நிகழும்? ஒரு வளவு ஓர் ஒழுங்கையாகிறது. அந்த ஒழுங்கையின் இரு மருங்கிலும் உள்ள வீடுகளில் சகோதரிகளும், சகோதரிகளின் பெண் மக்களும், அவர்களின் பெண் மக்களும் வாழ்கின்றனர். பிள்ளை ஒன்று அழுதால் சாச்சி வீட்டிலிருந்து ஒருத்தி வருவாள். பெரியம்மா வீட்டிலிருந்து இன்னொருத்தி வருவாள். வேலியில் ஒரு பொட்டு வைத்துவிட்டால் தெருவுக்கு வராமலே நான்கு வீடுகளுக்குப் போய்வரலாம். வெளியூரிலிருந்தோ அடுத்த தெருவிலிருந்தோ வந்து சேர்ந்தவர்கள் ஆடவர்கள் மட்டுமே. ஆதலால் கல்முனைக் கரையின் ஊர்ப்படத்தை விரித்து வைத்து அதில் வீட்டாரின் உறவுகளைக் குறித்துச் சென்றால், அது தாய்வழிக் குடும்பங்களின் வம்சாவளிப் படமாகவே தோன்றும்.

அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் 1969ஆம் ஆண்டு தொடங்கிப் பல தடவை தங்கி இச்சமூக அமைப்பை ஆராய்ந்து, 2008ஆம் ஆண்டில் விரிவான நூலாக வெளியிட்டார். அவருக்கு முன்னர் நூர் யல்மன் என்னும் அறிஞரும் இக்கரையின் உறவுமுறைகளைப் பற்றி 1967ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூலில் எழுதினார். இஸ்லாமிய சமூகம் ஒன்றில் தாய்வழி அமைப்பு நிலவுவது புதுமை என்று எண்ணுவோர் உண்டு. உலகை நோக்கினால் அது அத்துணை அரிதன்று. சுமாத்திராத் தீவின் மினாங்கபாவு மக்கள் இஸ்லாத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பவர்கள். அவர்களின் பரம்பரை வீடும் நிலமும் பெண் வழியே செல்கின்றன. வடமலையாளத்தில் கண்ணனூரை ஆண்ட அறக்கல் குடும்பத்தில் பீவிமார் ஆட்சிப் பீடத்தில் அமர்ந்தனர். தமிழ்நாட்டின் காயல்பட்டினத்திலும் மகளுக்கு வீடு கொடுத்து மருமகனை வரவேற்கும் வழக்கம் உண்டு. கடல் வாணிகம் செழித்த இடங்களில், கணவன் திரைகடல் கடந்து சென்ற காலத்தில், மனைவி தன் உம்மாவின் அரவணைப்பில் இருப்பது பாதுகாப்பு என்று கருதப்பட்டிருக்க வேண்டும்.

இனி, சட்டத்தின் பக்கம் வருவோம். மட்டக்களப்பின் தமிழரிடையே பழங்காலத்தில் முக்குவர் சட்டம் என்ற வழமை நிலவியது. கிறிஸ்தோபர் பிறிற்றோ என்பவர் 1876ஆம் ஆண்டில் அதனைப் பற்றி நூலொன்றை வெளியிட்டார். பரம்பரைச் சொத்தான முதுசம் தாய்மாமனிடமிருந்து மருமக்களுக்குச் செல்வது அதன் முறை. உரிமை பெண் வழியாகச் சென்றதேயன்றி எப்போதும் பெண்ணின் கையில் இருந்ததென்று சொல்வதற்கில்லை. அதே 1876ஆம் ஆண்டில் குடியேற்ற அரசு இயற்றிய உரிமைவழிச் சட்டத்தின் பின்னர் அவ்வழமை நீதிமன்றங்களில் வலுவிழந்தது. மக்களோ தங்கள் வழக்கத்தைக் கைவிட்டாரில்லை. முதுசமாகச் செல்ல முடியாததைச் சீதனமாக மகளின் பெயருக்கே எழுதத் தொடங்கினர். இதனால் பெண்ணின் உரிமை முன்னையிலும் நேரடியானதாயிற்று.

முஸ்லிம்களுக்கு வேறு சட்டம் இருந்தது. 1806ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட முகம்மதியச் சட்டக் கோவை 1852ஆம் ஆண்டில் நாடு முழுவதற்கும் விரிவாக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் வாரிசுரிமைச் சட்டம் இஸ்லாமிய மார்க்க முறைப்படி பங்குகளை வகுத்தது. அம்முறையில் மகனுக்குரிய பங்கில் பாதி மகளுக்கு உண்டு. அவ்வாறாயின் வீடு முழுவதும் மகளுக்கு எவ்வாறு சேரும் என்ற கேள்வி எழலாம். விடை எளியது. வாரிசுச் சட்டம் ஒருவர் இறந்தபோது விட்டுச்சென்ற சொத்தையே பங்கிடும். உயிரோடு இருக்கும்போது மனமுவந்து நன்கொடையாக எழுதிக் கொடுத்த வீடு அந்தக் கணக்கில் வருவதில்லை. ஆகவே மணத்துக்கு முன்னரே நொத்தாரிசு முன்னிலையில் நன்கொடை உறுதி எழுதப்பட்டுவிடும். இவ்வாறு மார்க்கத்தின் விதியை மீறாமலும் ஊரின் வழக்கத்தை விடாமலும் இம்மக்கள் ஒழுகி வந்தனர்.

ஒரு பெண்ணுக்கு இந்த உறுதியினால் விளைந்த பயன் என்ன? கணவன் நோயுற்றாலும், கைவிட்டுச் சென்றாலும், இறந்துபட்டாலும் அவள் தெருவில் நிற்க வேண்டியதில்லை. மாமியார் கையை எதிர்பார்த்திருக்க வேண்டியதும் இல்லை. மணமுறிவு நேர்ந்தால் வீட்டைவிட்டு வெளியேறுபவன் ஆடவனே. பெண்ணின் வீட்டில் வாழ வந்த மருமகன் தன் சொல்லையும் நடத்தையையும் சற்று அளந்தே வைத்துக்கொள்வான். சுற்றிலும் அவளுடைய இனசனம் இருக்கிறதன்றோ!

இத்தகைய வீடுகள் தந்தையின் உழைப்பினால் மட்டும் எழுந்தன என்று எண்ணுவது தவறு. நிந்தவூர் முதலான ஊர்களில் பெண்கள் பன் புல்லைக் காயவைத்துச் சாயமேற்றிப் பாய் இழைத்தனர். மருதமுனை கைத்தறிக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே சாரமும் சேலையும் நெய்யப்படும் வீடுகளில் நூல் சுற்றுவதிலும் பாவு ஆயத்தம் செய்வதிலும் பெண்களின் கை இடையறாது இயங்கியது. தறியில் அமர்ந்து நெய்தவர்களும் பலர். கோழி வளர்த்தும், நெல் அவித்துக் குற்றியும், சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் கல்லாகவும் ஓடாகவும் மாறியது. இரவில் விளக்கடியில் இழைத்த பாய் ஒன்று பின்னர் மகள் வீட்டின் ஒரு கதவாயிற்று என்று சொன்னால் மிகையாகாது.

போர்க்காலத்தில் இந்தச் சுமை மேலும் கூடியது. 1990ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் மேற்கே உள்ள வயல்களுக்குச் செல்ல அஞ்சிய நாட்கள் பல. அவ்வேளையில் மத்திய கிழக்கு நாடுகளுக்கு உழைப்புக்காகச் சென்றோர் ஆடவர் மட்டும் அல்லர். பெண்களும் சவூதி அரேபியாவிலும் குவைத்திலும் பிறர் வீடுகளில் பணிசெய்து பொருள் அனுப்பினர். அவர்களில் பலருக்கு இருந்த குறிக்கோள் ஒன்றே: ஊரில் மகளுக்கு ஒரு வீடு. மகளுக்கு வீடு அமைக்கும் பொருட்டு மகளின் இளமைப் பருவத்தையே காணாமல் தொலைவில் கழித்த தாய்மாரின் தியாகம் எந்த வரலாற்று நூலிலும் ஏறவில்லை.

அவர்களின் மனத்தை அறிவதற்குச் சான்று இல்லாமற் போகவில்லை. கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே வாய்மொழியாக வழங்கிய கவிகள் அச்சான்றாகும். நான்கு அடிகளில் அமையும் அக்கவிகளில் பெண்ணின் குரலே மிகுதியாகக் கேட்கும். காத்திருத்தல், கோபித்தல், எள்ளி நகையாடுதல், ஏங்குதல் யாவும் அவற்றில் உண்டு. அவற்றை இயற்றிய பெண்களின் பெயர்கள் மறைந்தன, கவிகள் நிலைத்தன. சாய்ந்தமருதைச் சேர்ந்த கவிஞர் அனார் அத்தகைய நாட்டார் கவிகளைத் திரட்டி, 'பொடுபொடுத்த மழைத்தூத்தல்' என்னும் தொகுப்பாக 2013ஆம் ஆண்டில் வெளியிட்டார். 2007ஆம் ஆண்டிலேயே 'எனக்குக் கவிதை முகம்' என்னும் நூலால் தமிழுலகில் அறியப்பட்டவர் அவர். பெயரில்லாத மூத்தம்மாமாரின் கவிகளைப் பெயர் பெற்ற பேத்தி ஒருத்தி ஏட்டில் சேர்த்தமை இக்கரையின் பெண்வழி மரபுக்கு ஏற்ற காரியமே.

கல்வியிலும் இதே வழியில் மாற்றம் வந்தது. 1945ஆம் ஆண்டில் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. 1949ஆம் ஆண்டில் கல்முனையில் ஸாஹிராக் கல்லூரி தோன்றியது. பின்னர்ப் பெண்களுக்கென மஹ்மூத் மகளிர் கல்லூரியும் வளர்ந்தது. ஒலுவிலில் 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கிய நிறுவனம் மறு ஆண்டே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஆயிற்று. மகளைத் தொலைவூருக்கு அனுப்பத் தயங்கிய பெற்றோருக்கு, காலையில் சென்று மாலையில் வீடு திரும்பக்கூடிய உயர்கல்வி பெரும் வாய்ப்பாக அமைந்தது. 2000ஆம் ஆண்டு செப்டெம்பரில் அமைச்சர் அஷ்ரஃப் வான் விபத்தில் உயிர் நீத்தார். அடுத்த மாதம் நடந்த தேர்தலில் அவருடைய மனைவி திருமதி பேரியல் அஷ்ரஃப் திகாமடுல்லத் தொகுதியில் தெரிவாகி, பின்னர் அமைச்சரவையிலும் இடம் பெற்றார். அவர் வகித்த பொறுப்புகளுள் வீடமைப்பும் ஒன்று.

அந்த வீடமைப்புத்தான் விரைவில் இக்கரையின் உயிர்ப் பிரச்சினையாக மாறியது. 2004ஆம் ஆண்டு டிசெம்பர் 26ஆம் நாள் ஞாயிறு காலை கடல் ஊருக்குள் புகுந்தது. இலங்கையில் உயிரிழப்பு மிகுந்த மாவட்டம் அம்பாறை. பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் அங்கே மாண்டனர். மருதமுனையும் கல்முனைக்குடியும் சாய்ந்தமருதும் அழிவின் நடுவே நின்றன. அம்மாவட்டத்தில் அகதி முகாம்களில் தங்கிய 859 குடும்பங்களை மருத்துவ ஆய்வாளர்கள் ஆராய்ந்தனர். அக்குடும்பங்களின் ஆண்களில் நூற்றுக்கு 8 பேரளவில் இறந்தனர் அல்லது காணாமற் போயினர். பெண்களிலோ நூற்றுக்கு 17 பேருக்கு மேல். அலை வந்த வேளையில் வீட்டினுள் இருந்தோரே மிகுதியாக உயிரிழந்தனர் என்றும் அவ்வாய்வு காட்டியது. தாய் தந்த வீட்டில், அடுப்படியிலும் தொட்டிலருகிலும் இருந்த பெண்கள் அவர்கள்.

எஞ்சியோருக்கு வேறொரு சோதனை காத்திருந்தது. கிழக்கிலும் வடக்கிலும் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என்று அரசு முதலில் விதித்தது. கடலுக்கும் வயலுக்கும் இடையே குறுகிய மணல் நிலத்தில் நெருங்கி வாழ்ந்த மக்களுக்கு இது பேரிடியாயிற்று. பின்னர் அந்த எல்லை தளர்த்தப்பட்டாலும், பலர் புதுக் குடியிருப்புகளுக்குப் போக நேர்ந்தது. அங்கே காணியும் வீடும் வழங்கும் பத்திரத்தில் 'குடும்பத் தலைவர்' பெயர் கேட்கப்பட்டது. அலுவலக வழக்கத்தில் குடும்பத் தலைவர் என்றால் ஆடவர். இழந்த வீடு மனைவியுடையது. கிடைத்த வீடு கணவனுடையதாயிற்று. அலை ஒரு காலையில் கொண்டுபோனதன் எச்சத்தை, ஒரு படிவத்தின் ஒரே வரி கொண்டுபோயிற்று.

இது புதிய தவறும் அன்று. அரச காணிகளை வழங்கும் 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம், காணிக்கு உரியவர் பின்னுரித்தாளரைக் குறிக்காமல் இறந்தால் பெண் மக்களுக்கு முன் ஆண் மக்களை வைத்தது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் குடியேற்றங்களிலும் காணி பெரும்பாலும் ஆடவர் பெயருக்கே போயிற்று. கரையோரத்தில் தனியார் உறுதிகளால் பெண்கள் பெற்றிருந்த உரிமையை, அரச காணியில் அவர்கள் பெறவில்லை. கடற்கோளுக்குப் பின் மட்டக்களப்பின் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் முதலான பெண்கள் அமைப்புகள் இதனை எடுத்துரைத்தன. பெண்ணின் வீட்டுக்கு ஈடாகக் கொடுப்பது பெண்ணின் பெயரிலேயே அமைய வேண்டும். அல்லது இருவர் பெயரிலும் அமைய வேண்டும் என்று அவை வாதாடின. நெடுங்காலத்தின் பின்னர், 2022ஆம் ஆண்டில், பின்னுரித்தில் ஆணை முற்படுத்திய அந்தச் சட்டவிதி திருத்தப்பட்டது.

ஊர் மக்கள் சட்டத்துக்காகக் காத்திருந்தாரில்லை. மெக்கில்வ்ரேயும் பற்றிசியா லோரன்ஸும் கடற்கோளுக்குப் பிந்திய வீடமைப்பைப் பற்றி 2010ஆம் ஆண்டில் எழுதிய ஆய்வில் ஓர் உண்மையைக் கண்டு கூறினர். நிவாரண வீடு யார் பெயரில் கிடைத்தாலும், அதனை நாளைக்கு மகளுக்குக் கொடுக்க வேண்டிய சீதன வீடாகவே பெற்றோர் மனத்தில் வைத்திருந்தனர். பழைய வழக்கம் புதுச் சுவர்களுக்குள்ளும் குடிபுகத் தொடங்கியது.

இவ்வழக்கத்தைப் போற்றுவோர் அதன் மறுபக்கத்தை மறைத்தல் நேர்மையாகாது. மகளுக்கு வீடு இல்லையேல் மணமில்லை என்னும் நிலை, வறிய குடும்பத்துக்குப் பெருஞ்சுமை. பெண்கள் நால்வர் பிறந்த வீட்டில் சகோதரர்கள் தம் மணத்தைத் தள்ளிவைத்து, அக்கா தங்கையரின் வீட்டுக்காக உழைத்து இளமையைச் செலவிட்டதுண்டு. மார்க்கம் மணமகனைத்தான் மஹர் கொடுக்கும்படி விதித்திருக்க, பெண் வீட்டாரிடம் வீட்டோடு கைக்கூலியும் கேட்பது முறையா என்று ஆலிம்களும் சீர்திருத்தவாதிகளும் கண்டித்து வந்துள்ளனர். அக்கண்டனம் நியாயமானதே. ஆயினும் இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். மணமகன் கைக்குப் போகும் பணம் வேறு. மகள் பெயரில் நிற்கும் வீடு வேறு. முன்னதை ஒழிக்கப் புகுந்து பின்னதையும் ஒழித்துவிட்டால், நட்டம் பெண்ணுக்கே. மகளுக்குரிய வீட்டைப் பேரம் பேசும் பொருளாக்காமல், பெற்றோர் இயன்றபோது இயன்ற அளவில் அளிக்கும் கொடையாக வைத்துக்கொள்வதே தக்க வழி எனத் தோன்றுகிறது.

நிலமோ குறுகியது, மக்களோ பெருகினர். ஒரு வளவை நான்காக்கிய காலம் போய், அதற்கு மேல் பிரிக்க மண் இல்லாத காலம் வந்துவிட்டது. ஆதலால் கல்முனைக் கரையில் இப்போது வீடுகள் மேல் நோக்கி வளர்கின்றன. கீழ்த்தளத்தில் மூத்த மகள், மேல்தளத்தில் இளையவள் என்று அமையும் வீடுகளைத் தெருத்தோறும் காணலாம். சில வீடுகளின் மொட்டைமாடியில், கொங்கிறீற்றுத் தூண்களிலிருந்து இரும்புக் கம்பிகள் வானத்தை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். புதிதாக வருபவர், கட்டி முடிக்கப் பணம் போதவில்லை போலும் என்று எண்ணுவார். அயலிலுள்ளவர்களுக்குக் காரணம் தெரியும். அவ்வீட்டில் இன்னும் ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கிறாள்.